நுண்பைகள் சுமந்து வந்தவை

நம் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்துக்கு முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மலையிலிருந்து வரும் பச்சை ஏலக்காயை மூன்று தடவை கழுவுகிறோம், அப்புறமும் எதற்கு ஒவ்வொரு மூட்டைக்கும் பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை, அந்த அறிக்கை வரும்வரை எதற்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று. இந்த விதியை எழுதியது யார் என்று கேட்டால் பழைய ஆட்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்களாம். என் முகத்துக்காக மாற்றுகிறார்கள். எழுதியது நான்தான். எந்தச் சூழ்நிலையில் எழுதினேன் என்பதை ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் நானே சொல்லிவிடுவது நல்லது.

போடிக்கும் மதுரைக்கும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. நம் பிரிவு இரண்டு ஊர்களில் பிரிந்து கிடந்தது. பறித்த சில மணி நேரத்துக்குள் காயைச் சாறாக்க வேண்டும் என்பதால் போடியில் ஒரு சின்ன அறை, ஒரு சுழற்சி இயந்திரம், நான். சுண்டெலிகளும் நுண்ணோக்கிகளும் எங்கள் தலைவரும் மதுரையில். காலையில் சாறு எடுத்து, படிப்படியாக வேகத்தைக் கூட்டிச் சுழற்றி, கடைசியில் குழாயின் அடியில் படியும் அந்த மங்கலான துளியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் ஏறுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். வாசம் பெட்டியிலிருந்து வரவில்லை. என் தலைமுடியிலிருந்து, சேலையிலிருந்து, விரல் இடுக்கிலிருந்து வந்தது.

அந்தத் துளியில் இருந்தவைதான் நாம் நுண்பைகள் என்று சொல்கிறவை. செடியின் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ள உண்டாக்கும் நானோ அளவுப் பைகள். சோப்புக் குமிழியைப் போல மெல்லிய கொழுப்புத் தோல், உள்ளே செடியின் சேதி. ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். மூளைக்குள் எளிதில் எதையும் நுழைய விடாத அந்தத் தடுப்பைத் தாண்டி இவை போகக்கூடும் என்பதுதான் எங்கள் நம்பிக்கை. ஒரு செடியின் சேதியை மறதி நோய் கண்ட மனித மூளை படித்துப் புரிந்துகொள்ளுமா? இந்தக் கேள்வியோடு நான் தூங்கப் போவேன், இதோடுதான் எழுந்திருப்பேன். மத்தியானத்தில் மெட்டு என்கிற மலைக்கணவாய்ப் பக்கத்திலிருந்து மேகம் இறங்கி ஊர்மேல் நிற்கும்போது, அறை ஜன்னல் வழியே பார்த்தால் மலையே இருக்காது. அந்த வெள்ளைக்குள் எங்கோ பல்லாயிரம் செடிகள் ஒன்றோடொன்று மெல்லப் பேசிக்கொண்டிருக்கின்றன, அதை ஒட்டுக்கேட்க நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும். இப்படியெல்லாம் தோன்றத் தொடங்கினால் உங்களை நீங்களே கொஞ்சம் கவனியுங்கள். எனக்கு அப்போது அது தெரியவில்லை.

காய் தந்தவர் சாகுல் பாய். போடியில் ஏலக்காய் வியாபாரம், மெட்டைத் தாண்டிய சரிவில் சொந்தத் தோட்டம். அறுபதைக் கடந்த, நிதானமாகப் பேசுகிற மனிதர். நான் எதற்காகக் காய் கேட்கிறேன் என்பது தெரிந்த அன்றே என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி நூர்ஜஹானுக்கு நாலைந்து வருஷமாக மறதி நோய்.

அந்த அம்மா முற்றத்தில் ஒரு பெரிய தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்துபோயிருந்தது. ஆனால் கை மறக்கவில்லை. நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று விரல்கள் தாமாகப் பிரித்துக்கொண்டே போயின. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "லாத்தா, எப்ப வந்தீக? பஸ்சுல கூட்டமா?" என்று கேட்டார். லாத்தா என்றால் அக்கா. அவருடைய அக்கா இறந்து பல வருஷம் ஆகிறது என்று சாகுல் பாய் பிறகு சொன்னார். நான் கூட்டமில்லை என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் லாத்தாதான்.

சாகுல் பாய் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். முனைவர் பட்டத்தினால் வந்த டாக்டர், வைத்தியம் செய்கிற டாக்டர் இல்லை என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறை சொன்னேன், அவர் தலையாட்டினார், மறுநாளும் டாக்டரம்மா என்றார். நான் விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தலைவர் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்டார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இந்தக் காய் எங்கே விளைந்தது, செடிக்கு என்ன போட்டார்கள், எப்போது பறித்தார்கள் என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களா என்றார். தெரிந்த தோட்டம்தான் சார், நன்றாகக் கழுவித்தான் எடுக்கிறேன் என்றேன். எச்சப் பரிசோதனைக்கு ஒரு மாதிரி அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினால் அறிக்கை வரும்வரை வேலை நிற்கும். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. திரும்பக் கேட்காதது தன் தவறு என்று பின்னால் அவர் எழுதிக் கொடுத்தார்.

பிறகு முடிவுகள் வந்தன. மறதி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளை, பால்போல வெள்ளையாக்கிய தண்ணீர்த் தொட்டியில் விடுவோம் இல்லையா, நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கும் மேடையை அவை நினைவு வைத்துக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்க்க. வெறும் உப்புநீர் கொடுத்தவை சுற்றிச் சுற்றி வந்தன. எங்கள் துளியைக் கொடுத்தவை நேராக நீந்திப் போய் மேடையில் ஏறி நின்றன. மூளைத் திசுவில் ஒரு நொதி அடங்கியிருந்தது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் ரசாயனத்தைச் சிதைக்கிற நொதி அது. மறதி நோய்க்கு இன்று தரப்படும் சில மாத்திரைகள் அடக்குவதும் அதே நொதியைத்தான். மதுரை ஆய்வுக்கூடத்தில் யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். கட்டுரை எழுதத் தொடங்கினோம். சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இருட்டும் முன் கடைசியாகத் தெரியும் மலை விளிம்பைப் பார்த்தபடி, அந்த எலி மேடையில் ஏறி ஈர உடம்போடு திரும்பிப் பார்க்கிற காட்சியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருப்பேன். எலி சில நேரம் நூர்ஜஹான் அம்மாவாக மாறிவிடும். என் பெயரைச் சரியாகச் சொல்லும்.

நான் சாகுல் பாயிடம் எதுவும் சொல்லியிருக்கக் கூடாது. என் முகம் சொல்லிவிட்டது. காய் மூட்டையை இறக்கி வைக்க வந்தவர் அப்படியே நின்றார்.

"டாக்டரம்மா, எலிக்கு நல்லாயிருச்சுன்னா மனுசருக்கு ஏன் ஆகாது? ஏலக்கா தானே. நம்ம டீயில போட்டுக் குடிக்கிறதுதானே."

மனிதருக்குக் கொடுக்க எத்தனை படிகள் இருக்கின்றன என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார். அந்தப் படிகள் எல்லாம் ஏற எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். நான் மூட்டையைப் பிரிக்கக் குனிந்தேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவும் இல்லை. போகும்போது, நேற்று சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்குவது எப்படி என்று மறந்து உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சின்னக் குப்பியில் அந்தத் துளியைக் கலக்கி அவர் கையில் கொடுத்தேன். காலையில் பத்துச் சொட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள் என்றேன். யாரிடமும் கேட்கவில்லை, எதிலும் எழுதவில்லை. ஏலக்காய்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து ஆரம்பிக்கிறேன் என்று அவர் அந்தக் குப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, அடுத்த மூட்டைக்கான காயை நேரில் பார்த்து எடுக்கலாம் என்று தோட்டத்துக்கு ஜீப்பில் போனேன். ஆட்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக ஏறி, மேகத்துக்குள் நுழைந்தோம். மேலே நிழல் மரங்களுக்குக் கீழே எல்லாம் பச்சை இருட்டு. செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரங்களில் காய் பிடித்திருந்தது. பெண்கள் குனிந்து உட்கார்ந்து பறித்துக்கொண்டே நகர்ந்தார்கள். யார் முகமும் தெரியவில்லை, குரல்கள் மட்டும் பனிக்குள் வந்து வந்து போயின. நானும் ஒரு பக்கமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வாசத்தை இழுத்தேன்.

அந்தக் குரல்களில் ஒன்று தடுமாறியது. பொட்டிபுரத்திலிருந்து வரும் பேச்சியம்மாள் என்ற பெண், நாற்பது வயதிருக்கும், காலையில் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். சரத்தைப் பிடித்த கையை எடுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது, கண்ணில் நீர் கொட்டியது, அந்தக் குளிரில் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள். பயந்திருப்பாள் என்றாள் இன்னொருத்தி. அவளைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

அங்கே இருந்த மலையாள நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள்.

"டீச்சரே, கண்ணு நோக்கு. கடுகு போலெ சுருங்கியிருக்கு. இது மருந்து ஏறினதாணு."

முந்தின நாள் அந்தப் பகுதியில் மருந்து அடித்திருக்கிறார்கள். நாலு நாள் ஆட்களை விடக் கூடாது. காய் முற்றிப் போகிறது என்று ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மறுநாளே பறிக்க அனுப்பிவிட்டான். நர்ஸ் போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அட்ரோபின் என்ற முறிவு ஊசியைப் போட்டாள், சற்றுப் பொறுத்து இன்னொன்று போட்டாள். எந்த மருந்து அடித்தார்கள் என்று கூட வந்திருந்த கங்காணியிடம் கேட்டாள். அவன் பெயரைச் சொன்னான்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ராசிங்காபுரத்தில் எங்கள் அப்பா முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு மருந்து அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அதைக் கரைசல் என்றோ விஷம் என்றோ யாரும் சொன்னதில்லை, மருந்து என்றுதான் சொல்வோம். சாகுல் பாயின் தோட்டத்தில் மாதாமாதம் மருந்து அடிக்கிறார்கள் என்பது என் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும். அந்தச் சுகாதார நிலையத்தின் பெஞ்சில், பேச்சியம்மாளின் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்குக் கேட்டது.

கங்காணி சொன்ன மருந்து பூச்சியை எப்படிக் கொல்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் பாடம் நடத்தியிருக்கிறேன். நரம்புகள் பேசும் ரசாயனத்தைச் சிதைக்கிற அதே நொதியை அது பிடித்துக் கட்டிப்போடுகிறது. கொஞ்சமாகக் கட்டிப்போட்டால், மறதி மாத்திரை செய்கிற வேலை. அதிகமாகக் கட்டிப்போட்டால், பேச்சியம்மாள். அந்த மருந்து தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். நாம் மூன்று தடவை கழுவுவது தண்ணீரில். நம் நுண்பைகளின் தோல் கொழுப்பு. ஒரு மூட்டைக் காயைப் பிழிந்து ஒரு துளியாக்கும்போது வேறு எதையெல்லாம் சேர்த்துத் துளியாக்கினேன்? அந்த எலிகள் மேடையைக் கண்டுபிடித்தது செடியின் சேதியாலா, இல்லை இதனாலா?

குப்பி நினைவுக்கு வந்தது.

சாகுல் பாய்க்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று ஏல மையத்தில் ஏலம். ஏலம் நடக்கும்போது அவர் போனைத் தொடமாட்டார். அவர் வீட்டில் வேறு யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. நாளைக்குத்தானே வெள்ளி என்று சொல்லிக்கொண்டேன். சோற்றை விழுங்க மறந்த மனைவியை வைத்துக்கொண்டிருப்பவர் வெள்ளிவரை பொறுத்திருப்பாரா என்றும் தோன்றியது.

பேச்சியம்மாளைப் போடி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவானது. ஜீப்பின் பின்பக்கம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். வெரசாப் போங்கண்ணே என்று டிரைவரிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவர் வெரசாப் போகவில்லை, வளைவுகளில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. பேச்சியம்மாள் பாதி மயக்கத்தில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள்ள யாரோ கூப்பிடுறாக, நீங்க போயி என்னன்னு கேளுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சரி, கேட்கிறேன் என்று நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அந்த இறக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. வெள்ளைக்குள் வளைவுகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு வளைவில் மேகம் கிழிந்து கீழே ஊர் வெயிலில் கிடந்தது, அங்கே ஒன்றுமே நடக்காதது போல.

ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்து, ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, சாகுல் பாயின் வீட்டுக்கு ஓடினேன். மணி நாலு இருக்கும். அவர் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் அம்மா முற்றத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். லாத்தா வந்துட்டாக என்றார். அவர் கண்ணைக் குனிந்து பார்த்தேன். கண்மணி சுருங்காமல் இயல்பாக இருந்தது.

குப்பியைக் கொண்டாங்க என்றேன். சாகுல் பாய் எடுத்து வந்தார். பாதிக்குமேல் காலியாக இருந்தது.

மறுபடி அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அவ குடிக்கலம்மா. நான்தான் குடிச்சேன். திங்கக்கிழமையிலேருந்து நாலு நாளா."

ஏன் என்று கேட்டேன். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"அவளுக்கு எதாச்சும் பண்ணுச்சுன்னா சொல்லத் தெரியாதுல்ல. வலிச்சாலும் உக்காந்து காய் பொறுக்கிட்டுத்தான் இருப்பா. எனக்குன்னா சொல்லத் தெரியும். நாலு நாள் பாத்துட்டு வெள்ளிக்கிழமை கொடுக்கலாம்னு இருந்தேன்."

அவரை அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நானே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், யார் கொடுத்தது என்பது உட்பட. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிய ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாள் முழுக்க நான் அந்த வராந்தாவில் இருந்தேன். என் படிப்புக்கும் பட்டத்துக்கும் தோன்றாத ஒன்று, சொல்லத் தெரியாதவர் சார்பாக முதலில் தன் உடம்பை வைக்க வேண்டும் என்பது, அந்த மனிதருக்கு யாரும் சொல்லாமலே தோன்றியிருக்கிறது. அவர் உடம்பை வைக்கும்படி நான் விட்டிருக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.

வராந்தாவில் இருந்தபோதுதான் அவரிடம் சொன்னேன், அவருடைய தோட்டத்து ஆள் உள்ளே படுத்திருக்கிறாள் என்று. அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். பேச்சியம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள், அவர் படுக்கச் சொன்னார். நம்ம தோட்டம் சுத்தமானது என்று என்னிடம் பலமுறை சொன்ன மனிதர் அங்கே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மருந்து வாடையே தெரியலண்ணே. ஏலக்கா வாசத்துல எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு," என்றாள் அவள், ஏதோ தன் தப்பு போல.

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன்.

தலைவரிடம் வியாழன் சாயங்காலமே போனில் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை ரயிலில் மதுரையிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மதுரையில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவரே சொன்னார். கட்டுரை அனுப்பத் தயாராக இருக்கிறது, அனுப்பிவிட்டு அமைதியாகச் சோதித்துப் பார்க்கலாம், சந்தேகம் உண்மையானால் அப்போது திருத்திக்கொள்ளலாம் என்று. அவர் கட்டுரையை நிறுத்திவிட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறார். குப்பி விஷயத்துக்கு வந்தபோது நான் அழத் தயாராக இருந்தேன். அவர் திட்டினால் எளிதாக இருந்திருக்கும்.

"எழுதுங்கம்மா. என்ன நடந்துச்சோ, அதை அப்படியே உங்க கையால எழுதி நெறிமுறைக் குழுகிட்ட நீங்களே கொடுங்க. நான் கொடுத்தா அது புகார். நீங்க கொடுத்தா அது உண்மை."

எழுதினேன். ஆறு பக்கம் வந்தது. அவரும் தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். குழு என்னை ஒரு வருஷம் ஆய்வுப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்தது. கல்லூரியில் பாடம் மட்டும் நடத்தினேன். சில நண்பர்கள் பார்த்தால் வேறு பக்கம் திரும்பினார்கள். நியாயமான தண்டனை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பழைய மாதிரிகளைச் சோதித்தார்கள். மருந்து இருந்தது. தோட்டத்தின் ஓரத்தில், ஆள் நிற்க முடியாத செங்குத்தான சரிவில், யாரும் கவனிக்காமல் காடாகிப் போன ஏலச்செடிகள் கொஞ்சம் இருந்தன. அங்கே மருந்து அடித்ததே இல்லை. அந்தக் காயை எடுத்துச் சோதித்து, சுத்தம் என்று உறுதி செய்த பிறகு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். சுண்டெலிகள் மறுபடி வெள்ளைத் தண்ணீரில் இறங்கின. இந்தத் தடவை எதுவும் நேராக நீந்தவில்லை. உப்புநீர் கொடுத்தவையும் நுண்பை கொடுத்தவையும் ஒன்றுபோலச் சுற்றிச் சுற்றி வந்தன. நொதி அதன்பாட்டுக்கு இருந்தது. தலைவர் என்னைப் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னபோது, பல மாதம் மனதில் ஏறி நின்ற அந்த ஈர எலி மேடையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போவதைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. மூளையில் காவல் வேலை செய்கிற செல்கள் இருக்கின்றன, நோயில் அவை சினந்து நல்ல நரம்புகளையும் கடித்துவிடுகின்றன. கண்ணாடித் தட்டில் வளர்த்த அந்தச் செல்களின் மேல் சுத்தமான நுண்பைகளை விட்டபோது, அவற்றின் சினம் கொஞ்சம் தணிந்தது. கொஞ்சம்தான். ஆனால் எத்தனை முறை செய்தாலும் தணிந்தது. நீங்கள் இன்று பின்தொடர்வது அந்தக் கொஞ்சத்தைத்தான். அது சின்னது என்பதற்காக அதைப் பெரிதாக்கிச் சொல்லாதீர்கள், ஒதுக்கியும் விடாதீர்கள்.

இதை சாகுல் பாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அதற்கு முன், தெருமுனைவரை போய்விட்டு இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாம் தடவை வீட்டுக்குள் போனேன். நூர்ஜஹான் அம்மாவுக்கு அப்போது கையும் மறந்துபோயிருந்தது. தட்டு இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எலிகள் மேடையைக் கண்டுபிடித்தது எதனால், இப்போது என்ன ஆயிற்று, மிஞ்சியது என்ன என்று. நான் வைத்தியம் செய்கிற டாக்டர் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்மா," என்றார். கட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அந்த மிஞ்சினது, இவ இருக்கறதுக்குள்ள வருமா?" என்று கேட்டார்.

வராது என்றேன். என் வேலைக்காலத்தில் நான் சொன்ன வார்த்தைகளில் மிகச் சிறியது அது. அதைச் சொல்வதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவர் மனைவியின் போர்வையைச் சரிசெய்தார். ஆத்தா, தண்ணி குடிக்கிறியா என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, உச்சிப் பக்கம் இருக்கும் மேல் பங்கில் இனி மருந்து அடிக்க வேண்டாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பூச்சி தின்றது போக மிச்சம் இருப்பது உங்களுக்கு வரும் என்றார். அந்தக் கங்காணியை அவர் மாற்றிவிட்டார். மருந்து அடித்த இடத்தில் சிவப்புத் துணி கட்டுகிற வேலையைப் பேச்சியம்மாள் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். துணி அவிழ்க்கும்வரை அவளைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் கழித்து நான் திரும்பி வந்து, அந்த விதியை எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டினேன். சாகுல் பாய் சொன்னபடி காய் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூட்டையிலும் அவர் கையால் எழுதிய ஒரு சீட்டு இருக்கும். எந்தச் சரிவு, என்றைக்குப் பறித்தது, மழை உண்டா, காற்று எந்தப் பக்கம், அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் என்றைக்கு மருந்து அடித்தார்கள். நாங்கள் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் நூர்ஜஹான் அம்மா காலமானார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். சாகுல் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இனி அவரிடம் காய் கேட்பது முறையில்லை, வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தலைவரிடம் பேசி வைத்திருந்தேன்.

நாலாம் நாள் காலை வழக்கமான ஜீப் நம் போடி அறை வாசலில் நின்றது. மூட்டை இல்லை. டிரைவர் ஒரு சீட்டை மட்டும் நீட்டினார். அதே கையெழுத்து.

"மேல் பங்கு. காற்று மேற்கிலிருந்து. மேற்குப் பக்கத்துத் தோட்டத்தில் நேற்று மருந்து அடித்திருக்கிறார்கள். இன்றைக்குக் காய் வேண்டாம்."